தூக்குச்சட்டியில் வந்த குழம்பு

போடியில் சர்ச் நடத்தும் அந்த வீட்டில் எனக்கு முதலில் கொடுத்த காபியை, யாரும் பார்க்காதபோது வாழைத்தூரில் கொட்டினேன். குடியை விட்ட பெண்கள் நேரே ஊருக்குப் போகாமல் சில மாதம் தங்கித் தேறும் இடம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

காபியைக் கொட்டக் காரணம் இருந்தது. மலையில் ஏலத்தோட்டத்து வேலை எனக்கு. மழையில் நனைந்த குளிருக்கும் இடுப்பு வலிக்கும் என்று தொடங்கிய குடி, பிறகு விடிந்ததும் வேண்டும் என்றாகிவிட்டது. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, என் வீட்டுக்காரர் ஒரு பொடி வாங்கிவந்து குழம்பில் கலந்துவிட்டார். சாப்பிட்டேன், வழக்கம்போலக் குடித்தேன். முகமெல்லாம் காந்தியது, நெஞ்சு படபடத்தது, வாந்தியெடுத்து வாசலிலேயே விழுந்தேன். ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். டாக்டர் அதட்டிக் கேட்ட பிறகுதான் பொடி விஷயம் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தது. அதற்குப்பின் அடுத்தவர் ஆக்கிய எதுவும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்த வீட்டைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் மலையாளத்துக்காரர், வயதானவர். நான் வாழைப்பழத்தை மட்டும் தின்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சோறு பிடிக்கலியா மோளே?"

"நீங்க முதல்ல தின்னுங்க சிஸ்டர்."

ஏன் என்று கேட்கவில்லை. என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அப்படித்தான்.

அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. இவ்வளவு பொறுமை எதற்கு? நம்மைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கத்தான் என்று முடிவு கட்டினேன். ஜெபத்துக்கு எல்லாரும் கூடும்போது நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரு சொல் சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, நாள் பார்த்துப் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் தூக்குச்சட்டியோடு வந்தார். சோறும் கோழிக்குழம்பும். வெளிச்சாப்பாடு இங்கே கூடாது என்றார் சிஸ்டர்.

"பொண்டாட்டிக்குச் சோறு கொண்டாந்தா குத்தமா?" என்று அவர் சத்தம் போட்டார்.

எனக்கும் சிஸ்டர்மேல்தான் கோபம். குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறார் என்று பட்டது. வராந்தாவில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். திறந்த கை அப்படியே நின்றது.

"நீங்க ஒரு வாய் தின்னுங்க" என்றேன் அவரிடம்.

"இப்பத்தான் தின்னுட்டு வர்றேன்."

"ஒரு வாய்தானே."

வெளிக்கேட்டுப் பக்கம் பார்த்தார். "வேணாம் புள்ள. வரும்போது லேசாத் தண்ணி போட்டிருக்கேன்."

குடித்தவர் தின்னக்கூடாத குழம்பு என்றால் எனக்குப் புரிந்துவிட்டது. "பொடியா?"

தலையைக் குனிந்துகொண்டார். "குடிக்காதவளை அது ஒண்ணும் செய்யாது. நெசமா நிறுத்திட்டியான்னு தெரிஞ்சாத்தானே கூட்டிட்டுப் போக முடியும்."

சிஸ்டர் சட்டியை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அத்தனையும் தின்றேன். சிஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்றபடி டாக்டருக்குப் போன் போட்டார். வீட்டுக்காரர் என் முகம் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"வெரசாக் கெளம்பு. அடுத்த ஜீப்புக்குப் போயிருவோம்" என்றார். குரலில் சந்தோஷம்.

"நான் வரல."

"அதான் தெரிஞ்சு போச்சே."

"தெனம் இப்படித் தின்னு காட்டிக்கிட்டே இருக்கணுமா?"

அவர் வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு நான் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாயும்வரை சிஸ்டர் பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது போடியிலேயே ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில் வேலை. அந்த வீட்டில் கூட இருந்த ஒருத்தியோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கிறேன். சிஸ்டரை நம்புகிறாயா என்று கேட்டால், முக்கால்வாசி நம்புகிறேன். வேதம் பற்றி அவர் இன்றுவரை பேசியதில்லை.

வீட்டுக்காரர் மலையில்தான் இருக்கிறார், எப்போதாவது போன் செய்வார். போனவாரம், "குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றார். சளி பிடித்திருக்கிறது என்றேன். "நெசமா, சளிதானா?" என்றார். நான் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.