கம்பி அறுந்த இடம்

வலது கால் செருப்பை மட்டும் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் நாகஜோதி வண்டிச் சாவியைத் திருப்புவாள். பிரேக்கை வெறுங்காலால் மிதித்தால்தான் அவளுக்குத் திருப்தி. இறங்கும் அவசரத்தில் பல நாள் ஒற்றைச் செருப்போடு கம்பெனிக்குள் நடந்துபோய்விடுவாள். செக்கிங் மேசைப் பெண்கள் சிரித்த பிறகுதான் குனிந்து பார்ப்பாள்.

"ஒத்தக் காலுக்குப் போட்டா பத்தாதாக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தானும் சிரிப்பாள்.

வயது முப்பத்தொன்பது. கல்யாணமான கையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தவள். மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து பனியன்களுக்குத் தோள் மூட்டினாள். டிரைவர் சொல்லாமல் நின்றுபோன ஒரு நாள், "நான் எடுக்கட்டுமா?" என்று எழுந்தவள் திரும்ப உட்காரவில்லை. வெட்டிய துணிக்கட்டுகளை மூன்று சக்கர லோடு ஆட்டோவில் ஏற்றி, ஊத்துக்குளியிலும் அவிநாசிபாளையத்திலும் இருக்கும் தையல் யூனிட்டுகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவள் வேலை. கட்டுகளை யார் அடுக்கினாலும் கலைத்து மறுபடி தானே அடுக்குவாள். "எம்மு சைசு எடதுபக்கம், எல்லு சைசு வலதுபக்கம். எறக்குதவன் கண்ண மூடிக்கிட்டு எறக்கணும்."

போன ஆடியில்தான் தொல்லை ஆரம்பித்தது. கிளட்ச் கம்பி அறுந்தது. தாராபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் கன்னையன் கால் மணி நேரத்தில் புதுக்கம்பி மாட்டிக்கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் அதுவும் அறுந்தது. மூன்றாவதை மட்டமான சரக்கு என்று இருவரும் சேர்ந்து திட்டினார்கள். நான்காவதைக் கோயமுத்தூரிலிருந்து ஆள் மூலம் வரவழைத்து மாட்டினார் கன்னையன். அது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

கன்னையன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காரணம் தெரியாதபோது எதையாவது சொல்லியாக வேண்டுமே. "வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. கைதானுங்க கனம். கிளச்சப் புடிச்ச புடியிலயே ஓட்டறீங்களாட்ட இருக்குது."

அடுத்த கம்பி மாட்டிய நாளிலிருந்து நாகஜோதி தன் கையையே சந்தேகத்தோடு கவனித்தாள். வேண்டியபோது மட்டும் கிளட்ச் லீவரைப் பிடித்தாள். பிடித்ததும் விட்டாள். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்தாள்.

ஒன்பதாம் நாள், அவிநாசிபாளையத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், எழுபது கட்டுத் துணியோடு ஐந்தாவது கம்பியும் அறுந்தது.

அங்கே முப்பது மிஷின்கள் துணிக்காகக் காத்திருந்தன. வண்டியை முதல் கியரில் போட்டு அப்படியே ஸ்டார்ட் செய்தாள். அது ஒரு குதி குதித்து ஓடத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் தாழும் நொடியைக் காதால் பிடித்து, கிளட்ச் இல்லாமலே அடுத்த கியருக்குத் திருகினாள். நின்றால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. அதனால் நிற்கவேயில்லை. சந்தை முக்கில் குறுக்கே வந்தவர்களிடம், "வழி விடுங்கய்யா, நிக்காது!" என்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டே போய், யூனிட் வாசலில் பிரேக்கை மிதித்து வண்டியை அணைத்தாள். இறங்கியதும் கட்டுகளை இறக்கக் கை கொடுத்தாள்.

அன்று மாலை மகுடேஸ்வரன் கூப்பிட்டார். "அம்மிணி, வண்டிய வேற ஆள்கிட்டக் குடுத்துப் பாக்கலாமுங்க. உங்க மிசினு இன்னும் அப்படியேதான் கெடக்குது." மரியாதையாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் வலித்தது. "ரெண்டு நாள் பொறுங்க சார்" என்றாள்.

ஏற்றுமதித் துணி தைக்கிற இடத்தில் ஊசி ஒடிந்தால், ஒடிந்த துண்டுகள் அத்தனையையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி கிடைக்கும். பதினோரு வருடப் பழக்கம். அறுந்த கம்பி எதையும் அவள் பட்டறையில் விட்டுவரவில்லை. மறுநாள் காலை ஐந்தையும் கன்னையன் முன்னால் தார்ப்பாயில் வரிசையாக வைத்தாள்.

"எல்லாம் ஒரே எடத்துல அறுந்திருக்கு, பாத்தீங்களாண்ணே?"

கம்பியின் நுனியில், லீவரின் ஓட்டைக்குள் உட்காரும் ஈயக்குண்டு ஒன்று இருக்கும். ஐந்தும் அந்தக் குண்டின் கழுத்தில்தான் அறுந்திருந்தன.

"ஊசி ஒடஞ்சுக்கிட்டே இருந்தா ஊசியவா வைவோம்? எங்க இடிக்குன்னுதான பாப்போம்" என்றபடி, புதுக்கம்பியின் குண்டை லீவரில் பொருத்தி, மெல்லப் பிடித்துப் பிடித்து விட்டாள். "இந்தக் குண்டு ஓட்டைக்குள்ள திரும்பணுமாண்ணே, இல்ல இப்பிடி இறுகித்தான் நிக்கணுமா?"

கன்னையன் குனிந்தார். கம்பியைக் கழற்றி லீவரின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். ஆனியில் பஸ் உரசி லீவர் உடைந்தபோது புது லீவர் மாட்டியவர் அவர்தான். அதன் ஓட்டைக்குள் பெயிண்ட் கட்டிதட்டிக் கிடந்தது. குண்டு திரும்ப வழியில்லாமல், ஒவ்வொரு பிடிக்கும் கம்பியின் கழுத்து மடங்கி மடங்கி இழை இழையாக விட்டுப்போயிருக்கிறது.

அரத்தால் ஓட்டையை ராவி, கிரீஸ் வைத்து மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே மகுடேஸ்வரனுக்குப் போன் போட்டார். "ஏனுங்க, தப்பு என்னோடதுங்க. நான் மாட்டுன லீவருங்க. அந்தம்மா கையில ஒரு குத்தமும் இல்லீங்க."

நாகஜோதி வண்டிக்கு அந்தப் பக்கம் போய், சரியாக இருந்த லோடு கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது.

அந்த ஆறாவது கம்பி பத்து மாதமாக ஓடுகிறது.

போன வாரம் வண்டிக்குக் காற்றுப் பிடிக்கப் பட்டறைக்கு வந்திருந்தாள். ஊத்துக்குளி பால் வண்டிக்காரர் சுப்பையன், முன்விளக்கு பல்பு மாசத்துக்கு இரண்டு போகிறது என்று கன்னையனிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "இப்ப வர்ற பல்பெல்லாம் அப்படித்தானுங்க" என்று தொடங்கிய கன்னையன், பாதியில் நிறுத்திவிட்டு நாகஜோதியின் பக்கம் திரும்பினார்.

அவள் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. வண்டி நிறையக் கட்டுகள். இருந்தாலும் எஞ்சினை அணைத்துவிட்டு, எரிந்துபோன பல்புக்காக சுப்பையனை நோக்கி உள்ளங்கையை நீட்டினாள்.