நிற்கும்போது தெரியும் முழங்கால்

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ரொறொன்ரோவில் இருக்கும் என் மாமா மகன் எனக்கு ஒரு விளையாட்டு வீரரைத் தர முன்வந்தான். பதிலுக்கு அவன் கேட்டது என்னிடமிருந்த சுமாரான ஒருவரை. செய்தியை இரண்டு தடவை வாசித்தேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து, மேலே 'ஏன் தருகிறான்?' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வீரர் நிஜமானவர், அமெரிக்கக் கால்பந்து ஆடுபவர். அவரை நாங்கள் வைத்திருப்பது கணினியில் மட்டும். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் பத்துப் பேர், ஆறு பேர் ரொறொன்ரோவில், நான்கு பேர் பாரிஸில், ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருக்கிறோம். நிஜ ஆட்டத்தில் நம் ஆட்கள் செய்வது நமக்குப் புள்ளியாகும். இதை ஃபேண்டஸி லீக் என்பார்கள். பெரும்பாலானோர் பொழுதுபோக்காக ஆடுவார்கள். எங்களுக்கு அதில் ஒரு காரியம் உண்டு. கோடையில் இரண்டு நாட்டுக் குடும்பங்களும் ஒன்றுகூடுவது வழக்கம். யார் வீட்டுக்கு யார் போவது என்று பெரியவர்கள் வருடா வருடம் முகம் சுளித்துக்கொண்டதால், லீக்கில் வெல்பவரின் ஊரில்தான் ஒன்றுகூடல் என்று நாங்கள் ஒரு விதி போட்டோம். பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வருடங்களாக ரொறொன்ரோதான் வென்றது.

மூன்றாவது தடவையும் அங்கே போனால் அம்மா எட்டு மணி நேரம் விமானத்தில் இருக்கவேண்டும். அம்மாவால் முடியாது. முடியாது என்று சொல்லவும் மாட்டார்.

அம்மா பாரிஸில், லா சப்பல் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார். அந்த வருடம் புரட்டாதியில், முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மெற்றோப் படிகளில் இறங்கும்போது விழுந்தார். வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. இளவேனிலில் இன்னொன்று தேவைப்படலாம் என்றார் மருத்துவர். வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி அம்மா என்னிடம் முதலில் கேட்டது தண்ணீர். இரண்டாவது, "கனடாவுக்குச் சொல்லிப்போடாதை. அண்ணை யோசிச்சுக் கவலைப்படுவார்."

எங்கள் குடும்பத்தில் இது புதிதல்ல. கடல் தாண்டி இருப்பவர்களுக்கு நோய் வருத்தத்தைச் சொல்வதில்லை. குணமான பிறகு, அதையும் ஒரு பகிடியாகச் சொல்வோம். மாமாவின் கண் சத்திரசிகிச்சை அவர் மறுபடி கார் ஓட்டத் தொடங்கிய பின்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதனால் தொலைபேசியில் யாரும் "சுகம்" என்றால் நான் நம்புவதில்லை. அழைப்பை யார் எடுக்கிறார்கள், பின்னால் மருந்துப் பெட்டி தெரிகிறதா, வழக்கமாக உட்காரும் கதிரையை மாற்றிவிட்டார்களா என்று பார்ப்பேன். அம்மாவும் எங்கள் பக்கத்தில் அதே வேலையைச் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்புக்கு முன்பே சோபாவில் உட்கார்ந்துவிடுவார். ஊன்றுகோலைத் திரைச்சீலைக்குப் பின்னால் நான் வைக்கவேண்டும்.

அந்தத் தாளில் நான் எழுதிய காரணங்கள் மூன்று. முதலாவது, வீரரின் முழங்கால் குணமாகவில்லை, அது மச்சானுக்குத் தெரியும். இரண்டாவது, என்னைப் பலவீனமாக்கித் தன் அக்காவை வெல்லவைக்கப் பார்க்கிறான். அவள்தான் அப்போது முதலிடம், நான் இரண்டாமிடம். மூன்றாவது, விளையாட்டு தெரியாமல் பிழைவிடுகிறான். மூன்றாவதை உடனே வெட்டினேன். அவன் அந்த விளையாட்டோடு வளர்ந்தவன்.

வீரர் ஒரு வைட் ரிசீவர். மைதானத்தின் ஓரத்தால் ஓடி, தூரத்திலிருந்து எறியப்படும் பந்தைப் பிடிப்பவர். அவருக்கும் வலது முழங்கால்தான். பல வாரம் ஆடவில்லை. இப்போது மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டார், முழுப் பயிற்சி செய்கிறார், பழைய வேகம் திரும்பிவிட்டது என்று எல்லாச் செய்திகளிலும் இருந்தது. எல்லாரும் ஒரே வார்த்தைகளில் எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

என் வேலை ரயில் கதவுகள். அவற்றைத் திறந்து மூடும் மோட்டார்கள் பழுதுபார்க்கப்பட்டு வரும்போது, மறுபடி ரயிலில் பொருத்திப் பூட்டுவதற்கு முன் நான் சோதிப்பேன். ஒவ்வொன்றிலும் 'சரி' என்று ஒரு பச்சைச் சீட்டு தொங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீட்டை நம்பி ஒன்றைப் பூட்டக் கொடுத்தேன். அது ஓடியது, நன்றாகவே ஓடியது. நிற்கவேண்டிய இடத்தில்தான் நிற்கவில்லை. அன்றிலிருந்து மோட்டார் ஓடும் சத்தத்தை நான் பொருட்படுத்துவதில்லை. நிற்கும் சத்தத்தைத்தான் கேட்பேன்.

அன்று மத்தியானம் வீரர் திரும்பி வந்தபின் ஆடிய ஆட்டங்களின் துண்டுக் காட்சிகளைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நேராக ஓடியவை எத்தனை, ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பியவை எத்தனை, எந்தக் காலை ஊன்றித் திரும்பினார் என்று கோடு போட்டேன். அம்மா பக்கத்தில் காலை இரண்டு தலையணைகளில் உயர்த்தி வைத்துக்கொண்டு உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனடி இவங்கள் எல்லாரும் தலையில சட்டி கவிட்டு வைச்சிருக்கிறாங்கள்?"

"அடி படாமல் இருக்க, அம்மா."

"பிறகேன் அடிபடுறாங்கள்?"

நான் அடுத்த காட்சியைப் போட்டேன். வீரர் ஓடிவந்து நின்றார். இடது காலை ஊன்றும்போது இரண்டு எட்டில் நின்றவர், வலது காலை ஊன்றவேண்டி வந்ததும் நாலைந்து குட்டி எட்டு வைத்து நின்றார். நான் கோடு போடுவதற்குள் அம்மா உள்ளியைக் கீழே வைத்தார்.

"இவனுக்கு நோகுது."

"எப்பிடித் தெரியும்?"

"நான் மெற்றோவில படி இறங்கிற மாதிரி நிக்கிறான். ஏறேக்கை ஒண்டும் தெரியாது. இறங்கேக்கைதான் தெரியும். பாவம், வீட்டில சொல்லேல்லைப் போல."

முதலாவது காரணத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டேன். ஏமாற்றப் பார்த்திருக்கிறான் என்ற கோபம் வந்தது. ரொறொன்ரோவில் அப்போது காலை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவனை அழைத்தேன்.

"என்ன மச்சாள், இன்னும் அக்செப்ட் பண்ணேல்லை?"

"நீ ஏன் அவரைத் தாறாய்?"

"என்ர டீம் கடைசி. எனக்கு அவர் என்னத்துக்கு?"

"அப்ப உன்ர அக்காவுக்குக் குடு."

"அவ போன வருசம் வெண்டதை இண்டைக்கும் சொல்லிக் காட்டுறா. அவவுக்கு ஏன் குடுப்பான்?"

"அவருக்கு முழங்கால் சரியில்லை. உனக்கு அது தெரியும்."

"சும்மா இருங்கோ மச்சாள். டொக்டர் கிளியர் பண்ணிட்டார்."

"வலக் காலை ஊண்டி நிக்கிறதுக்கு நாலு எட்டு வைக்கிறார். எழுதி வைச்சிருக்கிறன். வாசிக்கட்டே?"

அவன் சிரித்தான். "உங்களுக்கு ஒண்டைச் சும்மா குடுத்தாலும் ரிப்போர்ட் எழுதுவியள்."

"சும்மா ஏன் குடுக்கிறாய்? அதைத்தான் கேக்கிறன்."

சிரிப்பு நின்றது. அவன் எங்கோ நடந்து போவது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. அங்கேயும் கதவைச் சாத்துகிறான் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

"மாமி விழுந்தது எங்களுக்குத் தெரியும்," என்றான்.

நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"மாமியின்ர கடை முதலாளியின்ர அக்கா எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறா. அவ முதல் கிழமையே எங்கட அம்மாவுக்குச் சொன்னவ. அப்பாவுக்கும் தெரியும். மாமி சொல்லாமல் நாங்களாக் கேட்டால் அவவுக்கு வெக்கமாப் போயிடும் எண்டு அப்பா கேக்க விடேல்லை. சம்மர் இஞ்சை எண்டால் மாமி காலை இழுத்துக்கொண்டெண்டாலும் வருவா. நீங்கள் வெண்டால் நாங்கள் அங்கை வரலாம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. அதுதான்."

என் பட்டியலில் இது இல்லை. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது நன்றி அல்ல, இன்னொரு சந்தேகம்: என் இரண்டாமிடமும் யாரோ விட்டுத் தந்ததா?

"இதுக்கு முதலும் இப்பிடி ஏதும் செய்தனியோ?"

"இல்லை மச்சாள். சத்தியமா. நான் கடைசியா வந்தது சொந்த முயற்சியிலை."

"நீ செய்யிறது விதிக்குப் பிழை. வேணுமெண்டு ஆரையும் வெல்ல வைக்கேலாது. எழுதினதே நான்தான்."

"ஓம், தெரியும். மூண்டாம் விதி."

"அதோடை, நீ தாற ஆள் நொண்டி. என்ர ஆள் சுமார் எண்டாலும் ரெண்டு காலிலையும் நிக்கிறார். இதை ஏற்றால் நான் தோத்துப்போவன்."

"ஐயோ," என்றான் அவன். அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. பச்சைச் சீட்டை நம்பியிருக்கிறான்.

நான் அந்த மாற்றத்தை நிராகரித்தேன். அடுத்த வாரம் அந்த வீரர் நீளமான ஒரு பந்தைப் பிடித்து எல்லைக் கோடுவரை ஓடினார். மச்சான் அந்தக் காட்சியை எனக்கு மூன்று தடவை அனுப்பினான். நேராக ஓடினார், நிற்கவேண்டி வரவில்லை என்று பதில் போட்டேன். அந்தக் கருத்தை இன்றும் மாற்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவே அம்மாவிடம் சொன்னபோது, முதலில் முதலாளியின் அக்காவைத் திட்டினார். பிறகு முதலாளியை. கடைசியில், "அண்ணைக்கு எப்ப தெரியுமாம்?" என்றார்.

"முதல் கிழமையே."

"அப்ப இவ்வளவு நாளும் நான் சோபாவில இருந்து சிரிச்சதை அவர் பாத்துக்கொண்டிருந்தவரோ?"

மறுநாள் ஞாயிறு, அழைப்பு வந்தபோது அம்மா சோபாவில் போய் உட்காரவில்லை. ஊன்றுகோல் மேசையோரமாக, திரையில் தெரியும்படி நின்றது. மாமா வழக்கம்போல், "எப்பிடிப் பிள்ளை, சுகமோ?" என்றார்.

"இல்லை அண்ணை. விழுந்திட்டன். முழங்கால். இன்னும் ஒரு ஒப்பறேசன் இருக்கும் போல," என்றார் அம்மா. பிறகு கைபேசியை என்னிடம் தந்து, "பிடி," என்றார். சன்னலிலிருந்து சமையலறை வாசல்வரை ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்டினார். ஏழு எட்டு வைத்தார். திரும்பும்போது குட்டி எட்டு வைத்து நின்று, சுவரைப் பிடித்துத் திரும்பினார். மாமா பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"சம்மருக்கு நாங்கள் அங்கை வாறம்," என்றார். "அந்த விளையாட்டில ஆர் வெண்டாலும் சரி. நீ இருந்த இடத்தில இரு."

இதற்காகத்தான் நான் இரண்டரை மாதம் அந்த லீக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அம்மா கண்ணைச் சுருக்கித் திரைக்குக் கிட்டப் போனார்.

"நீங்கள் வாறதெண்டு உடன சொல்லுற ஆளில்லையே. உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் அவசரம்?"

"உனக்குக் கால் ஏலாதெண்டதாலடி!"

"கதிரையும் மாறியிருக்கு," என்றார் அம்மா என்னிடம், மெதுவாக.

நானும் பார்த்திருந்தேன். போன மாதம்வரை மாமா பின்னுக்குச் சாயும் கதிரையில் இருப்பார். இப்போது இருந்தது சாப்பாட்டு மேசைக் கதிரை, நிமிர்ந்தது, கைபிடி உள்ளது. அவர் எழும்பியதை நாங்கள் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

"மாமா," என்றேன், "போனை ஆரிட்டையாவது குடுத்திட்டு, எழும்பி குசினி வாசல்வரைக்கும் ஒருக்கா நடவுங்கோ பாப்பம்."

பின்னாலிருந்து மச்சான் சத்தமாகச் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. திரை ஆடி, கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மச்சான் கைபேசியை நிமிர்த்தியபோது மாமா கைபிடியில் கையூன்றி எழும்பி நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினார்.

"திரும்பேக்கை பார்," என்றார் அம்மா. நான் எண்ணத் தொடங்கினேன்.