யோகேஸ்வரியின் லேத் ஏன் ஆடியது?

உங்கள் பட்டறையில் ஓர் இயந்திரம் ஆடினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? இயந்திரத்தையா, அதை ஓட்டும் பெண்ணையா? அவசரப்பட்டு இயந்திரத்தை என்று சொல்லிவிடாதீர்கள். கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மீசையும் பொறுப்பும் உள்ள ஆண்கள் இரண்டு நாள் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் யோகேஸ்வரி. தோட்டத்து ஆலையின் பட்டறையில் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டுகிறவள். பிறந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குவது பிடிக்காமல் ஈப்போவுக்குப் போய்த் தொழிற்பயிற்சி முடித்து வந்தாள். தன் திறமையைப் பற்றிப் பேச அவளுக்கு யாருடைய தூண்டுதலும் தேவையில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் பாதி வழியில் நின்றுவிட, கூறைப்புடவையோடு ரோட்டில் குந்தி அதைக் கிளப்பிய கதையை லயத்தில் கேட்காதவர் இல்லை. அதிகம் கேட்டவர் அந்த மாப்பிள்ளைதான். லேத்தை அவள் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். குளிர் அதிகமான காலையில் தன் சால்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு, தான் நடுங்கிக்கொண்டு நிற்பாள்.

ஆயுத பூஜை வந்தது. தம்பிக்கு எண்ணெய்ப் பிசுக்கு போகக் குளியல், சாமந்தி மாலை, குங்குமம். சந்தனத்தை வெளியே பூசியது போதாதென்று, குழந்தைக்குக் காதுக்குள் துடைப்பதுபோல ஒவ்வொரு துவாரத்திலும் விரலை விட்டுத் தடவினாள். பூசாரி சிங்காரம் சூடத்தட்டோடு நின்று மெய்சிலிர்த்தார். மற்ற நாட்களில் அவர் கொழுந்து லோரி ஓட்டுகிறவர்.

"இப்படி ஒரு பக்திய நான் பாத்ததே இல்ல, தங்கச்சி."

"எங்க பாத்திருப்பீங்க, உங்க லோரியக் கழுவியே மூணு மாசம் ஆச்சு" என்றாள் யோகேஸ்வரி.

மறுநாள் பெரிய வேலை வந்தது. கொழுந்தைப் பிசையும் ரோலருக்கு ஒரு புதுச் சக்கரம். நடுத் துளை தயாராக இருந்தது, வெளி விளிம்பைக் கடைய வேண்டும். இப்படித் துளையுள்ள பொருளைப் பிடிக்க ஒரு தண்டு உண்டு. பட்டறையில் அதை மாண்ட்ரல் என்பார்கள். அதன் ஒரு பக்கம் சக்கரத்தின் துளைக்குள் இறுகி நிற்கும். கூம்பான மறுபக்கம் லேத்தின் சுழலும் கதிருக்குள் போய் உட்காரும். கூம்பும் கதிரின் வாயும் சுற்றிலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். வழக்கமாக இரண்டையும் துடைத்துவிட்டுத்தான் செருகுவாள். அன்று மட்டும், வைத்த பொட்டை மறுநாளே அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

லேத்தைப் போட்டாள். சக்கரம் கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவர்போல ஆடியது. பெல்ட்டைப் பார்த்தாள், பேரிங்கைப் பார்த்தாள். குறை தெரியவில்லை.

வேலைக்கு ஆள் போடும் தோட்டத்து எழுத்தர், கிராணி குகனேஸ்வரன், வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"யோகேசு, கேக்குறேன்னு கோவிச்சுக்காத. பூஜை அன்னிக்கு நீ வீட்டுக்குத் தூரமா?"

"இல்ல. இருந்தாலும், மெஷினுக்குக் காலண்டர் பாக்கத் தெரியுமா லா?"

முன்பு வேலப்பன் ஓட்டிய காலத்தில் இதே லேத் ஆடியது. பேரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கிப் போட்டார்கள். அவனிடம் யாரும் தேதி கேட்கவில்லை.

கிராணி முடிவைச் சொன்னார். வாரம் முடிவதற்குள் சக்கரம் தயாராக வேண்டும். இல்லையென்றால் லேத்துக்கு வேறு ஆள். யோகேஸ்வரி கொழுந்து வெட்டச் சரிவுக்குப் போக வேண்டும். அதற்கிடையே தோஷம் கழிக்கப் பரிகார பூஜை.

சிங்காரம் கதிரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "தோஷம் உள்ளுக்குள்ளதான் இருக்கு" என்று இன்னும் கொஞ்சம் சந்தனத்தை உள்ளே அப்பினார். தண்டைச் செருகி ஓட்டினார்கள். முன்பைவிட அதிகமாக ஆடியது.

"பாத்தீங்களா, எதிர்க்குது" என்றார் சிங்காரம்.

மறுநாள் எலுமிச்சை. அதை மாண்ட்ரலின் முனையில் குத்திச் சுற்றவிட்டால் திருஷ்டி கழியும் என்றார். சுற்றவிட்டார்கள். எலுமிச்சை பிய்த்துக்கொண்டு பறந்து கிராணியின் நெற்றியில் மோதியது. சாறு கண்ணுக்குள் போனது.

"ஏத்துக்கிச்சு" என்றார் சிங்காரம்.

"எதுய்யா? என் கண்ணா?" என்றார் கிராணி, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

எலுமிச்சைச் சக்கையைத் துடைக்க யோகேஸ்வரி தண்டைக் கழற்றினாள். கூம்பின் ஒரு பக்கம் வெறும் இரும்பாக மின்னியது. மறுபக்கம் மஞ்சளாக ஒரு பொருக்கு. முகர்ந்து பார்த்தாள். சந்தனம். அது ஒரு பக்கம் காய்ந்து தண்டைச் சாய்த்திருந்தது.

மண்ணெண்ணெய்த் துணியால் கூம்பையும் கதிரின் வாயையும் அழுத்தித் துடைத்தாள். செருகி ஓட்டினாள். சக்கரம் அசைவில்லாமல் சுற்றியது.

"எலுமிச்சம்பழம் வேலையக் காட்டிருச்சு" என்றார் சிங்காரம். கிராணி ஈரத் துண்டைக் கண்ணில் வைத்தபடியே தலையாட்டினார்.

யோகேஸ்வரிக்கு ஆபத்து புரிந்தது. பூஜைதான் தீர்த்தது என்றால், அந்தத் தோஷம் அவளுடையது என்றாகிவிடும். அடுத்த முறை ஏதாவது ஆடினால் நேரே சரிவுதான்.

"அண்ணே, உங்க கையாலயே உள்ள ஒரு பொட்டு வைங்க."

அவர் வைத்தார். சக்கரம் ஆடியது. துடைத்தாள், நின்றது. "நான் வச்சுப் பாக்குறேன்" என்று கிராணி வந்தார். ஆடியது. துடைத்தாள், நின்றது. கிராணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று வைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப சொல்லுங்க கிராணி, தோஷம் யாருக்கு?" என்றாள். "முதல்ல வச்சது நான். அடுத்தது சிங்காரம் அண்ணன். இப்ப நீங்க. மூணு பேரும் சேந்தே கொழுந்து வெட்டப் போலாம்."

கிராணி தம் மஞ்சள் விரலைப் பார்த்தார். மெதுவாக அதைச் சட்டைப் பைக்குள் மறைத்தார். "சரி, இந்தத் தடவ மன்னிச்சு விடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் யாரை மன்னிப்பது என்று கேட்க யோகேஸ்வரிக்கு நேரமில்லை, சக்கரம் காத்திருந்தது. மாலைக்குள் அதைக் கடைந்து முடித்தாள். இன்றும் அந்த லேத்தை அவள்தான் ஓட்டுகிறாள். இந்தக் கதையையும் அவள்தான் எல்லாருக்கும் சொல்கிறாள்.

நீங்கள் மாலை போடுங்கள், பொரி தின்னுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் பட்டறையில் ஒன்று பழுதாகி, யாராவது ஒரு பெண்ணைக் கைகாட்டினால், தயவுசெய்து சும்மா நிற்காதீர்கள். அந்தக் கையில் ஒரு மண்ணெண்ணெய்த் துணியைக் கொடுத்து, முதலில் துடைக்கச் சொல்லுங்கள்.