அப்பாவுக்குத் தவணை

சனிக்கிழமைகளில் மகளைத் தமிழ் வகுப்பிலிருந்து கூட்டிவருவது என் வேலை. ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் காரை நிறுத்தி, ஹீற்றரைக் கூட்டிவைத்துக்கொண்டு, வெளியே ஓடிவரும் தொப்பிகளில் எது என்னுடையது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். போன கிழமை அவள் கதவைத் திறந்து ஏறியபோது ஈரச் சப்பாத்தின் மணமும், பள்ளிக்கூட நிலத்துக்குப் பூசும் மெழுகின் மணமும் கூடவே ஏறின. பையைக் காலடியில் போட்டுவிட்டு, "அம்மா, வட் இஸ் தவணை? ரீச்சர் முதலாம் தவணைப் பரீட்சை எண்டு போர்ட்டில எழுதினவ. இற்ஸ் லைக் ரேர்ம், ரைற்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிய ஹீற்றரைக் கொஞ்சம் குறைத்தேன். இத்தனை வருடமாகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் அப்பாதான் நினைவுக்கு வருவார். "ரேர்ம்தான்" என்றேன். "ஆனா இங்கிலீஸ் ஆக்களிட்டை அப்பிடிச் சொல்லிப்போடாதை." அவள் "ஏன்?" என்று கேட்பதற்குள் பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்துவிட்டார். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் பொறுமையான ஆள்.

நான் இந்த நாட்டில் முதன்முதல் போன ஹைஸ்கூலும் இதே மெழுகுதான் மணக்கும். காலையில் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடிக்கும். இன்றைக்கு என்ன பிழை விடப்போகிறேனோ என்ற பயமும் அதோடு சேர்ந்து வரும். லொக்கர் பூட்டை வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கம் திருப்பி, திரும்பவும் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அந்த வித்தை எனக்குப் பிடிபடக் கனநாள் எடுத்தது. அதுவரை கோட்டு, புத்தகங்கள், சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வகுப்பு வகுப்பாகத் திரிந்தேன். பிள்ளை எங்கேயோ பயணம் போகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். இடாப்பில் பெயர் கூப்பிடும்போது வாய் தவறி "ஓம்" என்று சொல்லிவிடுவேன். யாழ்ப்பாணத்து ஆளுக்கு அது வெறும் ஆமாம். பின்வரிசை வாங்கில் இருந்த ஒரு பொடியனுக்கு அது மந்திரம். கண்ணை மூடிக் கையைக் குவித்துக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. ஊரில் பெண்பிள்ளையை வைத்திருக்கப் பயந்து அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு முதலில் வந்துவிட்டார். அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில். அகதிக் கேஸ் சரிவந்தால் அவர்களைக் கூப்பிடலாம், சரிவராவிட்டால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. வீடு என்று சொன்னேனா? வோபர்னில் ஒரு பேஸ்மன்ற். தலைக்குமேல் வீட்டுக்காரரின் கால்கள் நடந்துகொண்டே இருக்கும். அப்பா ஊரில் சங்கக்கடை மனேச்சர், இங்கே பின்னேரத்தில் ஒரு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருப்பார். "சாப்பாடு அடுப்பிலை கிடக்கு. ஆர் தட்டினாலும் கதவு திறவாதை" என்பார். பள்ளிக்கூட நாட்களில் காலைக்குப் பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அந்தச் சப்பாத்துக் கட்டும் நேரத்தில்தான்.

எங்கள் ஆட்களுக்குக் காலக்கணக்கே சண்டைகளை வைத்துத்தான். கலியாணம் எப்போது நடந்தது என்று கேட்டால், அந்தச் சண்டை முடிந்த கையோடு, இந்தச் சண்டைக்குக் கொஞ்சம் முதல் என்பார்கள். நான் சொல்லும் பள்ளிக்கூடத் தவணை இரண்டு சண்டைகளுக்கு நடுவில் வந்தது. இங்கே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்த நாட்களில் ஊரில் சமாதானம் என்றார்கள். மேல்வீட்டு அன்ரி கேசரி கிண்டிக் கொண்டுவந்து தந்தா. அம்மா எழுதியிருந்தா: சவர்க்காரம் விலை இறங்கிவிட்டது, மண்ணெண்ணெய் கிடைக்கிறது, தம்பி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான். நான் அதை வாசித்து அழுதேன். அப்பாவும் கண்ணைத் துடைத்தார். அடுத்த நாள் லோயரிடம் போனோம். லோயர் சொன்னதை மொழிபெயர்ப்புக்கு இருந்தவர் எங்களுக்குச் சொன்னார்: "அண்ணை, இப்ப அங்கை சமாதானம்தானே, திரும்பிப் போனா என்ன எண்டு அகதிக் கேஸ் விசாரிக்கிற போர்ட்டில கட்டாயம் கேப்பினம். மறுமொழியை யோசிச்சு வையுங்கோ."

வரும் வழியில் பஸ்ஸுக்குள் அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இறங்குமிடம் தவறிப்போனது. ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கினோம். பனிக்குள் திரும்பி நடந்து வரும்போதுதான், "அங்கை சமாதானம் எண்டா நல்லதுதானே" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைத்தான் பாடமாக்கினோம். ஞாயிற்றுக்கிழமை அப்பா கட்டிலில் இருப்பார், அது போர்ட். நான் கதிரையில் இருப்பேன். "திரும்பிப் போனா உமக்கு என்ன நடக்கும்?" என்று என்னை 'உம்' போட்டு அதட்டுவார். நான் சொல்வேன். "காணாது" என்பார். "இன்னும் பயந்து சொல்லு." உண்மையில் பயந்துபோய் இருந்த பிள்ளைக்குப் பயந்த மாதிரிச் சொல்ல வரவில்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். மற்ற ஆட்கள் எல்லோரும் ஹியரிங் என்பார்கள். அப்பா மட்டும் தவணை என்பார். ஊரில் பக்கத்துக் காணிக்காரரோடு ஒரு வேலி வழக்குக்காகக் கோட்டுக்குப் போய்ப்போய் வந்த மனிதர். வேலி இற்றுப்போய்விட்டது, வழக்கு முடியவில்லை. கோட்டில் அடுத்த முறை வரச்சொல்லும் நாளுக்குத் தவணை என்று பெயர். ஆகவே எங்கள் பேஸ்மன்றிலும், "செவ்வாய்க்கிழமை தவணை", "தவணை தள்ளிப் போட்டாங்கள்", "இந்தத் தவணையோடை தெரிஞ்சுபோம்." எனக்கோ தவணை என்றால் பள்ளிக்கூடத் தவணை. றிப்போட் கார்ட்டில் தமிழில் தவணை, பக்கத்தில் இங்கிலீசில் ரேர்ம் என்று அச்சடித்திருக்கும். நான் நிச்சயமாக அறிந்த இங்கிலீஸ் சொற்களில் அது ஒன்று. அதுதான் வினை.

செவ்வாய்க்கிழமை அப்பாவோடு போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் லீவு கேட்க வேண்டும். பிள்ளைகளின் பிரச்சினைகளைக் கேட்கும் கைடன்ஸ் மிஸ்ஸிடம் போனேன். நல்ல மனுசி, மேசையில் ஒரு பூச்செடி வைத்திருப்பா. வசனத்தை லொக்கரடியில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். "மிஸ், மை ஃபாதர் ஹாஸ் எ ரேர்ம்" என்றேன்.

மிஸ் பேனாவை வைத்துவிட்டா. என்ன ரேர்ம் என்று கேட்டா. கவர்மென்ற் கொடுக்கிற ரேர்ம் என்றேன். எவ்வளவு காலம்? முதலில் ஒன்று தந்தார்கள், பிறகு நீட்டிவிட்டார்கள், இனி எவ்வளவு என்று தெரியாது என்றேன். மிஸ் எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கண் துடைக்கும் ரிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினா. அம்மா எங்கே? ஜஃப்னா. அப்பா போனால் வீட்டில் யார்? ஒருத்தரும் இல்லை, நான் தனிய என்றேன். அவர் கோப்பை கழுவப் போகும் நேரத்தைத்தான் சொன்னேன். மிஸ் என் கையைப் பிடித்தா. பிறகு யாருக்கோ ரெலிபோன் எடுத்து மெல்லிய குரலில் பேசினா. அதில் 'சில்ட்ரன்' என்ற சொல்லும் 'அலோன்' என்ற சொல்லும் எனக்கு விளங்கின.

இந்த நாட்டில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அன்ரி சொல்லியிருந்தா. போர்ட் இதை அறிந்தால் கேஸ் என்னாகும்? அப்பா என்னைப் பார்க்க எங்கே வருவார்? அழுதுகொண்டு வெளியே ஓடினேன். லொக்கரடியில் ரிஸானா நின்றாள். அவளும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். முஸ்லிம் குடும்பம், அங்கிருந்து அவர்களைப் போகச்சொல்லி அனுப்பிய கதை வேறு. எனக்கு முதலே வந்தவள், இங்கிலீஸ் தண்ணீராக ஓடும். நான் விக்கி விக்கிச் சொன்னதைக் கேட்டு அவள் தலையில் கையை வைத்தாள்.

"அடியே, உங்கட வாப்பாவ மறியலுக்கு அனுப்பிப்போட்டு வந்து நிக்கிறாய்."

ரேர்ம் என்றால் இங்கே மறியலுக்கும், அதாவது சிறைத் தண்டனைக்கும், சொல்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரிஸானா என்னை இழுத்துக்கொண்டு போய் மிஸ்ஸுக்கு விளங்கப்படுத்தினாள். மிஸ் ஒத்துக்கொண்டாலும் ஒரு சந்தேகம் இருந்தது போல, அப்பாவை வரச்சொன்னா. அடுத்த நாள் அப்பா, போர்ட்டுக்குப் போடவென்று வாங்கிய கோட்டுசூட்டில், விபூதி பூசி, என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டப்போகிறார்கள் என்ற பயத்தில் விறைத்துப்போய் வந்து நின்றார். மிஸ் அவரைக் கண்டதும் மூச்சு விட்டதைப் பார்த்தேன். சிறைக்கு வெளியே இருக்கும் மனிதரைக் கண்ட சந்தோசம். நடந்ததை ரிஸானா தமிழில் சொன்னபோது அப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் மெழுகு பூசிய நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை பிழையாச் சொல்லேல்லை" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைத் தவணையும் தள்ளிப்போனது. பனி கரைந்தது. புல்லுக்குள் மஞ்சள் பூக்கள் வந்தன. பள்ளிக்கூடத்தில் பேச்சு எல்லாம் புறொம் என்ற ஆண்டிறுதி நடனத்துக்குப் போடும் உடுப்புப் பற்றி. அப்போது ஒரு ரெலிபோன் நம்பர் இருந்தது, நினைவிருக்கிறதா? அதற்கு அடித்தால் ஒரு குரல் ஊர்ச் செய்தி வாசிக்கும். அப்பா காலையில் தேத்தண்ணீர் குடிக்க முதல் அதற்கு அடிப்பார். நான் பல் தீட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். பேச்சுவார்த்தை நடக்கிறது என்றால் அம்மாவை நினைத்து ஆறுதல். உடனேயே எங்களை நினைத்துப் பயம். சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று என்ன கேட்பதென்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றும் கேட்காமல் கும்பிடப் பழகிக்கொண்டேன்.

தள்ளிப்போன தவணைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு காலை அப்பா றிசீவரைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். குரல் முடிந்து, திரும்பத் தொடங்கி, திரும்ப முடிந்தது. "சண்டை தொடங்கிட்டுதாம்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவருடைய தோள்கள் மெல்ல இறங்கின. நீண்ட நாளாகத் தலையில் சுமந்ததை ஒருவர் இறக்கிவைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி. என் நெஞ்சுக்குள்ளும் ஏதோ இளகியது. ஒரு கணம்தான். அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அம்மா" என்றோம். அவர் சமையலறைக் கதிரையில் இருந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேறு எங்கே போவது.

போர்ட்டில் நாங்கள் பாடமாக்கிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. சண்டைச் செய்தி பேப்பரில் வந்திருந்தது, அவர்களும் பார்த்திருப்பார்கள். கேஸ் சரி என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அப்பா நன்றி என்று தமிழில் சொன்னார். திரும்பி வரும்போது சப்வேயில் இடமிருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். கேசரி கிண்டவில்லை. அம்மாவையும் தம்பியையும் கண்டது சில வருடங்களுக்குப் பிறகு, விமான நிலையத்தில். நடுவில் அவர்கள் எங்கெங்கே ஓடினார்கள், எந்தெந்த மரத்தடியில் படுத்தார்கள் என்பதை நான் துண்டுதுண்டாகத்தான் கேட்டேன், முழுக்கக் கேட்கத் துணிவில்லை.

அந்த ஹைஸ்கூலை இப்போது மூடிவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கம்பி வேலி போட்டிருந்தது, வேலிக்குப் பின்னால் மண். செய்தி வாசித்த ரெலிபோன் நம்பர் இல்லை. ரிஸானா கலியாணம் கட்டி ஒஷாவாவுக்குப் போனாள், பிறகு தொடர்பு விட்டுப்போனது. அப்பாவும் போய்விட்டார். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் விடவில்லை. என் அம்மா சோபாவில் இருந்து பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தா. "அம்மம்மா, தவணை எண்டா என்ன?" என்று அவவிடம் போய்க் கேட்டாள்.

"பள்ளிக்கூடத் தவணையோ?" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "உன்ரை மாமா ஒரு தவணை முழுக்க, ஒரு நாளும் விடாமல் பள்ளிக்கூடம் போனவன். ஒரு தவணைதான். அப்ப ஒரு குண்டும் விழேல்லை. விடிய எழும்பி, வெள்ளைச் சேட்டு மினுக்கிக் குடுத்து, படலையிலை நிண்டு பாப்பன். பொழுதுபட சயிக்கிள் மணி கேக்கும். வாழ்க்கையிலை நான் நிம்மதியா நித்திரை கொண்டது அந்தத் தவணைதான், குஞ்சு."

பிறகு என்னைப் பார்த்தா.

"இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம், என்ன பிள்ளை? அப்பாவும் இஞ்சை இருந்து அதைத்தானே கும்பிட்டிருப்பார்."

"ஓம் அம்மா" என்றேன்.