கயிற்றை விட்ட கை

எனக்கு எழுத்து அதிகம் வராது. ஆனால் என் மனுசனின் நாடியைப் பற்றி டாக்குத்தர் சொன்னதை இன்றும் பிசகாமல் சொல்வேன்.

வயிற்றுக்குள்ளால் போகிற பெரிய இரத்த நாடி ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. நாடிச் சுவரில் இருக்கிற தசைதான் கொலாஜன் என்ற நாரைச் செய்து சுவரைப் பலமாக வைத்திருக்குமாம். சுருட்டுப் புகையால் அங்கே அழற்சி வந்தால், நார் செய்வதைக் குறைக்கச் சொல்லி தசைக்குச் சேதி போகுமாம். இருக்கிற நாரும் அரிபடுமாம்.

"அப்ப வலையும் கிழியுது, பொத்துறவனும் வேலையை விட்டிட்டான். அப்பிடித்தானே ஐயா?" என்றார் இவர்.

"ஓம், அதேதான். சுருட்டை விடுங்கோ. இனிப் பாரம் இழுக்க ஏலாது."

சுருட்டை அன்றே விட்டார். கயிற்றைத்தான் விட முடியவில்லை. நாங்கள் இருந்தது நிலாவெளியில். சண்டைக் காலம், ஆழக்கடலுக்குப் போகத் தடை, கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலை மட்டும்தான். ஆமி சொன்ன நேரத்துக்குள் வலையை ஏற்றிக் கரையைக் காலியாக்க வேண்டும். அதனால் கரைக்கு வந்த ஆம்பிளை, விருந்தாளியாக இருந்தாலும், கயிற்றில் கை வைக்காமல் நிற்பதில்லை.

ஒருநாள் வலை நிறைய மீன். நேரம் முடிகிறது. சும்மா பார்க்கப் போன மனுசன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ! விடுங்கோ கயிற்றை! நாடி வெடிச்சிடும்!" என்று கரை மேட்டில் நின்று கத்தினேன்.

கரை முழுக்கச் சிரிப்பு.

"வெடிக்கிறதுக்கு இஞ்ச வேற சாமான் இல்லையோ அக்கா?"

"அண்ணை, ஓடுங்கோ. வீட்டில சோறு ஆறுதாம்!"

அவர் கயிற்றை விட்டார். என்னைப் பார்க்காமல் நடந்தார்.

அதற்குப் பிறகு கன காலம் இருந்தார். கடைசியில் காய்ச்சலில்தான் போனார், நாடி வெடிக்கவில்லை. காப்பாற்றினவள் நான்தான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கரைக்கு அவர் திரும்பப் போகவேயில்லை. பின்வளவில் கதிரையைப் போட்டு, மற்றவர்களின் வலையைப் பொத்திக்கொண்டிருப்பார்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" என்றேன் ஒருமுறை.

"போய்க் கையை எங்க வைக்கிறது?" என்றார்.

அவர் கேட்டது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அன்று கத்தாமல் இறங்கிப் போய், அவர் பிடித்த இடத்தில் நான் பிடித்திருக்கலாம். பொம்பிளை கயிறு இழுக்கிறாள் என்று என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டுமே.