வேலியோரத்தில் கிடந்த பூசணிக்காய்

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காட்டுச் சரிவு இருக்கிறது. சமையலறைக் கழிவுகளை வேலிக்கு அப்பால் கொட்டிவிடுவேன். அதைத் தின்ன வந்த காட்டுப்பன்றிகள், அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் கிளறிப்போட்டன. எல்லோருக்கும் என்மேல் கோபம்.

ஒரு நாள் காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, என் கணவர் வேலியோரத்தில் ஒரு பூசணிக்காயைக் கண்டார்.

"நல்ல காய். யாரோ தவறவிட்டுட்டாங்க போல" என்று குனிந்தார்.

"தொடாதீங்க! இந்தப் பக்கம் யாரு பூசணிக்கொடி போடுறாங்க? இங்க எப்படி வந்துச்சு?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்" என்று சலித்துக்கொண்டாலும் கையை இழுத்துக்கொண்டார்.

கிட்டப் போகாமல் உற்றுப் பார்த்தேன். காயின் மேற்புறத்தைச் சதுரமாக வெட்டி, அதே துண்டால் திரும்ப மூடியிருந்தார்கள். பயந்துபோய்ப் பொலிசுக்கு அறிவித்தோம். உள்ளே, பன்றி கடித்தால் வெடிக்கும்படி மருந்து வைத்திருந்தார்களாம்.

"தூக்கியிருந்தா கை போயிருக்கும்" என்றார் வந்த பொலிஸ்காரர். என் கணவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அயலவர்கள் எல்லோரும் வந்து விசாரித்தார்கள். வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

இப்போது கழிவுகளைக் குழியில் போட்டு மண்ணால் மூடுகிறேன். பன்றிகள் வருவதும் குறைந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாராவது சிரித்தால் நானும் சிரிக்கிறேன். ஆனால் என் கண் முதலில் போவது அவர்களுடைய கைகள்மேல்தான்.