ஜொஹரா பீவியின் தேக்சா

"சம்பளத்த ஒசத்த வாணாம் மொதலாளி," என்றார் ஜொஹரா பீவி.

வில்லியனூரில் எங்கள் வீட்டை அடுத்து சௌந்தரராஜனின் பாத்திர வாடகைக் கடை. கல்யாணங்களுக்குப் போய் வரும் பாத்திரங்களைப் பீவி பன்னிரண்டு வருடமாகத் தேய்த்துவந்தார். மாதம் நாற்பது ரூபாய். ஐந்து ரூபாய் கூட்டித் தருவதாக முதலாளி அப்போதுதான் சொல்லியிருந்தார். 1974. நான் கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

"பின்ன இன்னா வேணும் பீவி?"

"பின்னால கெடக்குதே, அடி ஓட்டையான பிரியாணி தேக்சா. அத குடுத்துடுங்க."

"அதுல இன்னா ஆக்குவ? கோழி அடைப்பியா?"

"நான் இடுப்பொடிய தேய்ச்சா ஒரு நாளைக்கு ஒன்னேகால் ரூபா. தேக்சா சும்மா அடுப்பு மேல குந்திக்கினு வருது, அதுக்கு வாடகை பத்து ரூபா. எனக்கு ஜொரம் வந்தா சம்பளம் புடிக்கிறீங்க. அதுக்கு ஜொரமே வராது."

சௌந்தரராஜன் சிரித்துவிட்டார். "ரெண்டு வருசத்துக்கு ஒசத்திக் குடுன்னு வாயத் தொறக்கக் கூடாது. எடுத்துக்கினு போ."

பீவி கம்மலை விற்றுத் தேக்சாவுக்குப் புதுச் செம்பில் அடி வைத்தார், ஈயம் பூசினார். ஒன்றை மறந்துவிட்டார். பாத்திரத்தில் யார் பேர் வெட்டியிருக்கிறதோ, பாத்திரம் அவருடையது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். விளிம்பில் இருந்தது சௌந்தரராஜனின் அப்பா பேர்.

முதல் வாடகை ஒதியம்பட்டில் ஒரு நிக்காஹ். நாங்களும் போயிருந்தோம். விருந்துக்கு வந்த சௌந்தரராஜன், பளபளத்த தேக்சாவைப் பார்த்ததும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "எங்கப்பா பேரு இருக்குது பாருங்க. வாடகை என் கடைக்குத்தான் வரணும்."

"தம் எறங்கட்டும் மொதலாளி," என்றார் பீவி. "உங்கப்பா பேரு இருக்கிற வெளிம்ப அறுத்துக் குடுத்துடுறேன், வளையலா போட்டுக்குங்க. அடி என் கம்மலு. அதத் தொட்டீங்கன்னா கை வெந்துடும்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. பெண்ணின் அப்பா வாடகையைப் பீவியின் கையில் கொடுத்தார். சௌந்தரராஜன் சாப்பிடாமல் போனார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். "நான் வரேன்னு யாரு சொன்னது?" என்று பீவி பதில் அனுப்பினார்.

1983இல் அவரிடம் ஏழு தேக்சாக்கள் இருந்தன. பாகூர் வரை வாடகைக்குப் போயின. தேய்க்க இரண்டு பெண்களை வைத்திருந்தார். அவர்கள் ஜுரம் என்று படுத்தால் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. கூட்டிக் கேட்டால் சட்டென்று கூட்டிவிடவும் இல்லை.

அந்த ஒதியம்பட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் காலையே பீவி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பது அவருக்குத் தெரியும்.

"கண்ணு, என் பேர காயிதத்துல பெருசா எழுதிக் குடு, அதப் பாத்து வெட்டச் சொல்லணும். வூட்டுக்காரரு பேரு வாணாம், என் பேரு மட்டும். தமிழ்லயும் எழுது, பிரெஞ்சுலயும் எழுது. நாளைக்கி எவனும் படிக்கத் தெரியலன்னு சொல்லக் கூடாது."